உங்கள் கழுத்து புளிக்கிறதா?

2018 நவம்பர் தொடக்கம். தென் சீனாவின் குவாங்ஜோ நகரில், கான்டன் கண்காட்சி என்ற பெரிய ஏற்றுமதிக் கண்காட்சியின் மூன்றாம் கட்டம் நடந்துகொண்டிருந்தது. துணிமணிக்காரர்கள் கூடும் கட்டம் அது. திருப்பூரிலிருந்து வந்திருந்த மூன்று பார்ட்டிகளைக் கூட்டிக்கொண்டு பகலில் கண்காட்சி அரங்கு, சாயங்காலம் ஜொங்தா துணி மார்க்கெட் என்று நான்கு நாள் ஓயாத அலைச்சல். நானும் வீட்டுக்காரரும் அங்கே ஒரு சின்ன பையிங் ஆபீஸ் நடத்திக்கொண்டிருந்தோம். ஜிப், பட்டன், எலாஸ்டிக், லேஸ், லேபிள் பார்த்து, விலை பேசி, ஊருக்கு அனுப்புகிற வேலை. பட்டன் அட்டைகளும் ஜிப் சாம்பிள்களும் அடைத்த பை ஏழெட்டுக் கிலோ இருக்கும். அது எப்போதும் என் இடது தோளில்தான் தொங்கும்.

ஐந்தாம் நாள் காலையில் கண் விழித்தால் தலை திரும்பவில்லை. முந்தின இரவு ஏசிக்கு நேராக சோபாவிலேயே தூங்கிவிட்டிருந்தேன். யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாமல், இடுப்போடு சேர்ந்து மொத்த உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. ஆபீசில் வேலை பார்த்த உள்ளூர்ப் பெண் என்னைப் பார்த்ததும் சிரித்தபடி "லாவ்ஜென்" என்றாள். தலையணையிலிருந்து விழுந்துவிட்டாய் என்று பொருள். நாம் கழுத்துப் பிடிப்பு என்று சொல்வதற்கு அங்கே அதுதான் பெயர்.

நான் செய்த முதல் தப்பு, அன்றைக்கே வீட்டுக்குக் கீழே இருந்த மசாஜ் கடைக்குள் போய்ப் படுத்தது. சுவரெல்லாம் உள்ளங்கால் படம், வாசலில் மீன் தொட்டி, அறுபது நிமிடத்துக்கு 98 யுவான். அப்போதைய கணக்கில் ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம். மசாஜ் செய்த பையன் கேட்ட ஒரே கேள்வி எங்கே வலிக்கிறது என்பதுதான். காட்டினேன். அந்த இடத்திலேயே முழங்கையை ஊன்றினான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். காரணம் நம் ஊர்ப் பழக்கம். சின்ன வயதில் சுளுக்கு எடுக்கிற ஆயாவிடம் போனால், கத்தக் கத்தத்தான் சரியாகும் என்று சொல்லியே கூட்டிப் போவார்கள். கடைசியில் அவன் ஒரு கையால் தாடையையும் மறு கையால் பின்மண்டையையும் பிடித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு திருப்பு திருப்பினான். 'நறுக்'கென்று சத்தம். அரை மணி நேரம் சொர்க்கமாக இருந்தது. இருட்டுவதற்குள் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை, தலை கனத்தது, முதுகில் கன்றிப்போன நீலம் இரண்டு இடத்தில். அவனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். போதும் என்று சொல்ல எனக்கும் வாய் இருந்ததல்லவா.

மறுநாள் ஆபீஸ் பெண் என்னைச் சீன மருத்துவ ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெயரைக் கேட்டதும் வேர், இலை, கஷாயம் என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் ஒரு பக்கம் இருந்தது. அதே கட்டடத்தில் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எலும்பு மருத்துவப் பிரிவு எல்லாமும் இருந்தன. மூன்றாம் மாடியில் துய்னா பிரிவு. துய்னா என்பது கையால் செய்யும் சீன மசாஜ் வைத்தியம். 'துய்' என்றால் தள்ளுவது, 'னா' என்றால் பிடித்து எடுப்பது. உள்ளே வரிசையாகக் கட்டில்கள், தலைமாட்டில் முகம் புதைக்க ஓர் ஓட்டை, அதன்மேல் நடுவில் கிழிசல் விட்ட காகித விரிப்பு. எண்ணெய் வாசமே கிடையாது. பக்கத்து அறையிலிருந்து மட்டும் சுருட்டுப் புகை மாதிரி ஒரு வாசம் வந்தது. காய்ந்த மாசிபத்திரி இனத்துச் செடியைச் சுருட்டிக் கொளுத்தி உடம்புக்குச் சூடு காட்டுவார்களாம், அந்தப் புகை.

மருத்துவருக்கு ஐம்பது வயதிருக்கும். கூடவே வெள்ளைக் கோட்டு போட்ட மூன்று மாணவர்கள். முதல் கால் மணி நேரம் அவர் என்னை அமுக்கவே இல்லை. விரல் மரத்துப்போகிறதா, தலை சுற்றுகிறதா, பார்வை இரண்டாகத் தெரிகிறதா, நடக்கும்போது தள்ளாடுகிறதா, எங்காவது விழுந்தீர்களா, காய்ச்சல் உண்டா, கர்ப்பமா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எதுவும் எடுக்கிறீர்களா என்று வரிசையாகக் கேட்டார். கையைத் தூக்கச் சொன்னார், விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்கையில் தட்டிப் பார்த்தார். முந்தின நாள் கழுத்தைத் திருப்பிய கதையைக் கேட்டதும் முகம் மாறி, முதலில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்.

எதற்கு இத்தனை கேள்வி என்று அப்போது எரிச்சல்தான் வந்தது. அப்புறம் புரிந்தது. கழுத்தெலும்புகளின் ஓட்டைகள் வழியாக மூளைக்கு இரண்டு ரத்தக் குழாய்கள் ஏறுகின்றன. கழுத்தைச் சட்டென்று முறுக்கும்போது, அரிதாக, அந்தக் குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போகலாம். அரிது என்பதால் தைரியமாகச் செய்கிறார்கள். ஆனால் வந்துவிட்டால் அதை எந்த மசாஜாலும் திருப்ப முடியாது. கழுத்தைத் திருப்பிய பிறகு இதுவரை இல்லாத மாதிரித் தலைவலியோ கழுத்துவலியோ, தலைசுற்றலோ, பேச்சுக் குழறலோ, ஒரு பக்கம் மரத்துப்போவதோ வந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கக் கூடாது. நேரே அவசரச் சிகிச்சைக்குத்தான் போக வேண்டும்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. கட்டிலில் உட்கார வைத்துத் தோளில் ஒரு விரலை வைத்து மருத்துவர் ஏதோ கேட்டார். ஆபீஸ் பெண்ணுக்கு அதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியவில்லை. போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து அவரைப் பேசச் சொன்னாள். திரையில் தமிழில் வந்தது: "உங்கள் கழுத்து புளிக்கிறதா?"

நான் முழித்தேன். மூன்று மாணவர்களும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். 'சுவான்' என்ற சீனச் சொல்லுக்குப் புளிப்பு என்று பொருள். அதே சொல்தான் தசையில் வரும் உளைச்சலுக்கும். சுமை தூக்கிய மறுநாள் கால் உளைவது, அமுக்கினால் ஒரு மாதிரி இதமாகவும் தொல்லையாகவும் இருப்பது எல்லாம் சுவான். உள்ளே ஏதோ உப்பிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தால் 'ஜாங்'. மரமரப்பு 'மா'. சுளீர் என்று குத்தினால் அது 'தோங்', நிஜ வலி. அவருக்கு இந்த நான்கில் எது என்று தெரிய வேண்டும். சுவானும் ஜாங்கும் வந்தால் விரல் சரியான இடத்தில், சரியான அழுத்தத்தில் இருக்கிறது என்று கணக்கு. தோங் வந்தால் கையைத் தளர்த்த வேண்டும். மரமரப்பு விரல்நுனி வரை ஓடினால் நரம்புச் சமாச்சாரம், யோசித்துத்தான் தொட வேண்டும்.

எனக்கு அந்த ஆஸ்பத்திரியில் கிடைத்த பெரிய விஷயம் இதுதான். நம்மிடம் குடைச்சல், உளைச்சல், கடுப்பு, குத்தல், எரிச்சல், மதமதப்பு, இழுத்துப் பிடிப்பது, விண்விண் என்று தெறிப்பது என்று அவர்களைவிட அதிகமாகவே சொற்கள் இருக்கின்றன. இருந்தும் உடம்பைத் தொடுகிறவரிடம் போனால் வலிக்குது என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். எந்த மாதிரி வலி என்று அவரும் கேட்பதில்லை. அந்தக் கடைப் பையன் கேட்டிருந்தால் சுளீர் என்கிறது என்று சொல்லியிருப்பேன். முழங்கையை எடுத்திருப்பானோ என்னவோ.

அப்புறம் நடந்த வைத்தியம் என் கழுத்தில் ஆரம்பிக்கவில்லை. இடது புறங்கையில், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முளைக்கிற மொட்டிகளுக்குச் சற்றுப் பின்னால், இரண்டு எலும்புகளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அந்தப் புள்ளிக்குப் பெயரே லாவ்ஜென் புள்ளிதான். அழுத்தியபடியே, மெதுவாக, வலி தொடங்கும் இடம் வரைக்கும் மட்டும் கழுத்தைத் திருப்பு என்றார். வலது பக்கம் கொஞ்சம், இடது பக்கம் கொஞ்சம். இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு சாண் அகலத்துக்காவது பார்வை திரும்பியது. அது அந்தப் புள்ளியின் வேலையா, அல்லது கவனம் கைக்குப் போனதில் பயந்து இறுகியிருந்த தசை தளர்ந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. திரும்பியது என்பது மட்டும் நிஜம்.

அதற்குப் பிறகு தோளின்மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, சட்டைக்கு மேலேயே வேலையைத் தொடங்கினார். பெண்கள் பலர் கூச்சத்தினாலேயே இந்தப் பக்கம் போவதில்லை. எனவே சொல்லிவிடுகிறேன்: துய்னா பெரும்பாலும் உடைக்கு மேலேதான். தளர்வான பருத்திச் சட்டையும் பேண்ட்டும் போதும். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகாதீர்கள். சேலையோ ஷாலோ பின் குத்தி இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆடையைக் கழற்றச் சொன்னால் எந்த முறை, எதற்கு என்று கேட்கலாம். பெண் மருத்துவர் வேண்டும் என்றும் கேட்கலாம். ஆஸ்பத்திரிகளில் யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

துணிக்கு மேல் அவர் செய்தது 'குன்' என்ற உருட்டல். சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். ஒரு தடவை கிட்டத்தில் பார்க்க வேண்டும். சுண்டுவிரல் பக்கத்துப் புறங்கையைத் தசையின்மேல் வைப்பார்கள். மணிக்கட்டு மடங்கி நிமிரும்போது முன்கையும் கூடவே புரளும். சுண்டுவிரல் ஓரத்திலிருந்து புறங்கையின் பாதி வரைக்கும் தசைமேல் உருண்டு போகும், உருண்டு திரும்பும். தேய்க்கக் கூடாது, துள்ளக் கூடாது, தொட்ட இடத்தை விட்டு விலகக் கூடாது. அம்மியில் குழவி இழுபடுவது போல் இல்லாமல் சப்பாத்திக்கட்டை உருளுவது போல் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 120 முதல் 160 தடவை. இதே வேகத்தில் பத்து நிமிடம், கை சளைக்காமல். மேலே இருப்பவருக்கு அது உழைப்பு. கீழே படுத்திருப்பவருக்குத் தூரத்தில் ரயில் போகிற மாதிரி ஓர் அதிர்வு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும்.

அரைத் தூக்கத்தில் கிடந்தவள், தலையைத் திருப்பியபோது ஜன்னலோரத்தில் ஒரு மாணவியைப் பார்த்தேன். செங்கல் அளவு துணிப்பை ஒன்றின்மேல் இதே மாதிரி கையை உருட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே அரிசி. மனிதரைத் தொடுவதற்கு முன்னால் மாதக்கணக்கில் அரிசிப் பையில்தான் பழக வேண்டுமாம். அவளுடைய சுண்டுவிரல் மொட்டியில் தோல் தடித்துக் காய்த்திருந்தது. வைத்தியம் முடிந்து எழுந்ததும் நானும் கையை வைத்துப் பார்த்தேன். இருபது தடவைக்குள் மணிக்கட்டு கடுத்தது, பை நகர்ந்து மேசை ஓரத்துக்கே போய்விட்டது. பை நகர்ந்தால் தள்ளுகிறாய், உருட்டவில்லை என்று அர்த்தம் என்றாள். நீடித்து, பலத்தோடு, சீராக, மென்மையாக; இந்த நான்கும் சேர்ந்தால்தான் ஆழம் போகும் என்பது அவர்கள் பாடத்தின் முதல் வரி. மென்மையும் பலமும் ஒரே வரியில் இருப்பதைக் கவனியுங்கள். முழங்கை ஊன்றுவது அந்த வரியில் இல்லை.

இந்த உருட்டல் முறை ரொம்பப் பழசு என்று நினைத்திருந்தேன். கிடையாது. கட்டைவிரல் நுனியை மட்டும் வைத்துத் தள்ளும் ஒற்றைவிரல் முறையைத் தலைமுறையாகச் செய்துவந்த குடும்பத்தில் பிறந்த திங் ஜிஃபெங் என்பவர் 1940களில் ஷாங்காயில் உருவாக்கியது. விரல் நுனி தொடும் இடம் சின்னது. முதுகு, இடுப்பு போன்ற பெரிய தசைகளுக்கு அகலமான தொடுகை வேண்டும் என்று புறங்கையைப் பயன்படுத்தியிருக்கிறார். ஆனால் மசாஜ் கலை பழசுதான். ஆயிரம் வருடத்துக்கு முந்திய தாங் அரசர்கள் காலத்திலேயே அரண்மனை மருத்துவத் துறையில் மசாஜுக்கென்று தனிப் பிரிவும் ஆசிரியர்களும் மாணவர்களும் இருந்தார்கள். அப்போது அதற்கு 'அன்மோ' என்று பெயர்: அழுத்துவது, தேய்ப்பது. துய்னா என்ற பெயர் பின்னால் வந்த மிங் அரசர்கள் காலத்தில், குழந்தை வைத்தியத்தையொட்டி வந்தது. 1601இல் வெளியான ஒரு பெரிய அக்குபஞ்சர் நூலில் குழந்தைகளுக்கான மசாஜ் பகுதி சேர்க்கப்பட்டிருக்கிறது. நம் சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற மசாஜ் முறையிலும் தட்டல், பிடித்தல், முறுக்கல், இழுத்தல், அசைத்தல் என்று கைவேலைக்குப் பெயர் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம்முடையது பெரும்பாலும் எண்ணெயோடு, அவர்களுடையது பெரும்பாலும் உலர்ந்த கையோடு.

உருட்டி முடித்து, பிடரித் தசையைப் பூனைக்குட்டியைத் தூக்குவது போல் விரல்களால் பற்றி எடுத்து விட்டார். கடைசியில் அந்தத் திருப்பு வரும் என்று நான் இறுகிப் போயிருந்தேன். வரவில்லை. வாய் சும்மா இருக்காமல், சத்தம் வரவைக்க மாட்டீர்களா என்று கேட்டுவிட்டேன். ஆபீஸ் பெண் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். மருத்துவர் சிரிக்கவில்லை. "பழுதான கதவை யாராவது அடித்துச் சாத்துவார்களா?" என்றார். மூட்டைத் திருப்பும் முறை அவர்களிடமும் உண்டு, 'பான்' என்பார்கள். யாருக்கு, எப்போது, எந்தக் கோணத்தில் என்று தேர்ந்து செய்வது அது, தொழிலின் முத்திரையாக எல்லோருக்கும் செய்வதல்ல. அன்றைக்கு எனக்கு எதற்கு அது என்பதுதான் அவர் பதில்.

மூன்று நாள் விட்டு மறுபடி ஒரு தடவை, அப்புறம் ஒரு தடவை. கழுத்து சரியானது. சாதாரணக் கழுத்துப் பிடிப்பு ஒரு வாரத்தில் தானாகவும் சரியாகும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிடிப்பு போனாலும் இடது தோளின் உளைச்சல் போகவில்லை. இதற்கெல்லாம் வாரா வாரம் ஆஸ்பத்திரி வேண்டாம், சந்துக்குள் இருக்கிற ஷிஃபூவிடம் போ என்று பக்கத்து ஆபீஸ்காரர்கள் வழி காட்டினார்கள். கைத்தொழில் தெரிந்தவரை மரியாதையாக ஷிஃபூ என்று அழைப்பது அங்கே வழக்கம், நாம் மேஸ்திரி, ஆசாரி என்பது மாதிரி. இவர் பார்வையற்றவர். மனைவிக்குக் கொஞ்சம் பார்வை உண்டு. நான்கு கட்டில் போட்ட கடை, அறுபது நிமிடத்துக்கு 80 யுவான். சீனாவில் பார்வையற்றோருக்கு இந்தத் தொழிலில் முறையான பயிற்சி கொடுக்கிறார்கள். பீஜிங்கில் 1958இல் தொடங்கிய மசாஜ் மருத்துவமனையில் மருத்துவர்கள் பலர் பார்வையற்றவர்களே. ஆனால் அலுப்பு தீர்க்கும் மசாஜும் நோய்க்குச் செய்யும் மசாஜும் அங்கே வேறு வேறு. பின்னதற்குத் தனித் தேர்வு, தனிச் சான்றிதழ். சந்துக் கடைகள் பெரும்பாலும் முதல் வகை. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது எந்தச் சான்றிதழ் என்று போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம்தான் ஆனது.

ஷிஃபூ தோளில் கை வைத்த முதல் நிமிடமே, பையை இந்தப் பக்கம்தானே மாட்டுகிறாய், இடது தோள் ஒரு விரற்கடை மேலே நிற்கிறது என்றார். ஒவ்வொரு இடத்துக்கும் போகும்போது "லீது கெயீ மா?" என்று கேட்பார். அழுத்தம் சரியா என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த இரண்டு பதில்களும் அவரிடம் கற்றவை. "சிங் யீதியன்" என்றால் மெதுவாக, "ஜொங் யீதியன்" என்றால் இன்னும் அழுத்தி. சீனாவிலோ சிங்கப்பூரிலோ இந்த மசாஜுக்குப் போகிறவர்கள் முதல் பதிலை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இரண்டாவது இல்லாமலே சமாளிக்கலாம்.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ ஷிஃபூ சொன்னார்: "வாரா வாரம் எனக்கு எண்பது யுவான் கொடுக்கிறாய். ஒரே ஒரு தடவை அறுபது யுவான் கொடுத்துச் சக்கரம் வைத்த பெட்டி வாங்கேன்." வாங்கினேன். ஜொங்தாவின் மாடிப்படிகளில் அதைத் தூக்குவது தொல்லைதான், ஆனாலும் வாங்கினேன். அதற்கப்புறம் மாதத்துக்கு ஒருமுறைதான் அவர் கடைக்குப் போக வேண்டியிருந்தது. தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொண்ட மனிதர்.

அவர்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது 2019 சித்திரையில். வீட்டுக்காரர் பட்டன் பெட்டி ஒன்றைக் குனிந்து தூக்கினார், அப்படியே நின்றுவிட்டார். அட்டைப்பெட்டி சின்னதாகத்தான் இருக்கும், உள்ளே உலோகப் பட்டன் என்றால் இரும்புக் குண்டு கனம். இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மூன்றாம் நாள் வலி இடுப்பை விட்டு இடது காலுக்கு இறங்கியது. "கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கு, பெருவிரல்கிட்ட மதமதங்குது" என்றார். "ஏனுங்க, ஷிஃபூகிட்டப் போய்ட்டு வந்துரலாங்க" என்று நான்தான் கூட்டிப்போனேன்.

ஷிஃபூ முதுகைத் தொட்டார். இருமச் சொன்னார், இருமினால் காலில் தெறித்தது. பிறகு கால் பெருவிரலின் மேல் தன் விரலை வைத்து, மேலே தூக்கு என்றார். வலது விரல் தூக்கியது. இடது விரல் அவர் விரலின் கனத்தைத் தாங்கவில்லை. உடனே கையை எடுத்துவிட்டார். "இது என் வேலை இல்லை. ஆஸ்பத்திரி. இன்றைக்கே." காசு வாங்கவில்லை.

எம்ஆர்ஐயில், இடுப்பில் முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்துவது தெரிந்தது. ஆஸ்பத்திரியில் முதல் பத்து நாள் யாரும் அமுக்கவில்லை. மாத்திரை, ஓய்வு, ஒருக்களித்துப் படுக்கும் விதம். வலியின் உச்சம் தணிந்த பிறகுதான் இடுப்பிலும் பிட்டத்திலும் லேசான உருட்டல், முழங்காலுக்குப் பின்னுள்ள மடிப்பில் விரல் அழுத்தம், பிறகு உடற்பயிற்சி. இடுப்பு முதுகு வலியா, முழங்கால் பின்னே தேடு என்று அவர்களிடம் ஒரு பழைய பாட்டு வரியே உண்டு. ஆறேழு வாரத்தில் விரல் தூக்க வந்தது. கை வைத்ததால் சரியானதா, நாளானதால் சரியானதா? தட்டு பிதுங்கிய பலருக்கும் அறுவை இல்லாமல் சில வாரங்களில் தானே தணியும் என்று அந்த மருத்துவரே சொன்னார். இடுப்பு வலிக்கு மசாஜ் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட தொகுப்பாய்வும் அடக்கித்தான் பேசுகிறது: கொஞ்ச நாளைக்கு வலி குறைகிறது, நீண்ட நாள் பலனுக்கு ஆதாரம் போதாது, செய்த ஆய்வுகளின் தரமும் போதாது. எனக்கு அது ஏமாற்றமாக இல்லை. அந்தக் கொஞ்ச நாள் வலி குறைவதில்தான் மனுஷன் எழுந்து நடக்கிறார், நடப்பதில்தான் மீதி சரியாகிறது.

அன்று மருத்துவர் தாளில் எழுதி அடிக்கோடிட்டுக் கொடுத்த ஒன்றை இங்கே சொல்லாமல் விடக் கூடாது. இடுப்பு வலியோடு சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தெரியாமல் கழிவது, சைக்கிள் சீட்டில் படுகிற இடம் மரத்துப்போவது, இரண்டு காலும் தளர்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மசாஜும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம், அந்த மணி நேரமே ஆஸ்பத்திரி. எலும்பு முறிவு, எலும்பு தேய்ந்து மெலிந்தவர்கள், புற்றுநோய் உள்ள இடம், காய்ச்சல், தோலில் புண், ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கிச் சுடுவது, ரத்தம் உறையாமல் மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோருக்கும் மருத்துவரைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. ஆடுசதை வீக்கத்தைச் சாதாரணமாக நினைத்து நீவிவிடுவது நம் வீடுகளில் சகஜம். உள்ளே ரத்தக் கட்டி இருந்தால் அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போகலாம். கர்ப்பிணிகளுக்கு வயிறு, இடுப்பு, சில புள்ளிகள் என்று அவர்கள் மரபிலேயே விலக்கு உண்டு. துய்னா பயிற்சிக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட ஏட்டிலும் பாதுகாப்புக்குத் தனிப் பகுதி இருக்கிறது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டோ வெறும் வயிற்றிலோ போகாதீர்கள். மறுநாள் கொஞ்சம் அடித்துப்போட்ட மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு நாளுக்கு மேல் கூடிக்கொண்டே போனால் அடுத்த தடவை போகாதீர்கள்.

கடைகளில் இன்னொன்றும் நடக்கும். மசாஜ் பாதியில் இருக்கும்போது, உடம்பில் ஈரம் அதிகம், குப்பி வைத்தே ஆக வேண்டும் என்பார்கள். காற்றை எடுத்த குப்பிகளை முதுகில் கவிழ்த்துத் தோலை உறிஞ்ச விடுவது அது. முகம் ஓட்டைக்குள் இருக்கிறபோது மனிதன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான். முதுகில் பத்து நாள் வட்ட வட்டமாகக் கறுத்துக் கிடக்கும். வேண்டுமென்றால் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். படுப்பதற்கு முன்பே என்ன செய்யப் போகிறீர்கள், எவ்வளவு என்று பேசி முடித்துவிட வேண்டும்.

மகளுக்கு அப்போது நான்கு வயது. சோற்றைக் கண்டால் ஓடுவாள். அதே ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குத் தனியாகத் துய்னா உண்டு. காலையில் போனால் தாய்மார்கள் கூட்டம் அலைமோதும். குப்புறப் படுக்க வைத்து, தண்டுவடத்தின் அடியிலிருந்து பிடரி வரைக்கும் தோலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சுருட்டிச் சுருட்டி ஏற்றுவார்கள். மூன்று சுருட்டு, ஒரு தூக்கு. செரிமானத்துக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. எனக்கும் கற்றுக்கொடுத்தார்கள். மகள் கூச்சத்தில் நெளிந்து சிரித்து உருண்டதுதான் மிச்சம். சோறு தின்றாளா என்றால், சில நாள் தின்றாள், சில நாள் இல்லை. ஆனால் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்துக்கு நடுவே அந்த ஐந்து நிமிடத்தை இரண்டு பேருமே விடவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல், வாந்தி, சோர்வு என்றால் மட்டும் முதலில் டாக்டர்.

2020 ஜனவரியில் சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்தோம். கொரோனா வந்தது, ஆபீசை அங்கே இருந்த பெண்ணே காலி செய்து சாமான்களை விற்றுக் கணக்கு அனுப்பினாள். இப்போது திருப்பூரில் சொந்தக்காரர் கம்பெனியில் இருக்கிறேன். இங்கேயும் சைனீஸ் மசாஜ் என்று போர்டு பார்க்கிறேன். உள்ளே போய், உங்களுக்கு எங்கே பயிற்சி, எத்தனை வருடம் என்று கேட்டால் பேக்கேஜ் விலை சொல்கிறார்கள். வெளியே வந்துவிடுவேன். தோள் இறுகினால் வெந்நீர்ப் பை, சுவருக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு டென்னிஸ் பந்து, முக்கியமாகச் சக்கரப் பெட்டி.

போன மாதம் பேட்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தபடியே தைத்துக்கொண்டிருந்தாள். திரும்பச் சொன்னேன், உடம்போடு திரும்பினாள். விழுந்தாயா, கை மரத்துப்போகுதா, தலை சுத்துதா, காய்ச்சலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எதுவுமில்லை, ராத்திரி ஃபேனுக்குக் கீழே படுத்தது என்றாள். புறங்கையை வாங்கி, இரண்டு மொட்டிகளுக்குப் பின்னால் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். மெதுவா திருப்பு, வலிக்கிற இடத்துல நின்னுக்கோ என்றேன். அவள் முகம் சுளித்தது. எந்த மாதிரி வலி என்று கேட்க வாயெடுத்தவள், பழக்கத்தில், "புளிக்குதா?" என்று கேட்டுவிட்டேன்.

"என்னக்கா?" என்றாள்.

"குடையுதா, குத்துதா?"

கொஞ்சம் யோசித்தாள். "குடையல, குத்தல. பச்சை மாங்கா கடிச்சா பல்லுல ஒண்ணு வருமே, அது மாதிரி இருக்குதுக்கா."